சின்ன நயினார் ஏலம் எடுத்த கோழிகள்

ஆரணி பஸ் ஸ்டாண்டில் பாஞ்சாலைக்கு முழம் போட்டுப் பூ விற்க யாருக்கும் தைரியம் கிடையாது. பூக்காரி அளந்தால் "உன் கை குட்டை" என்பாள். பூக்காரியின் புருஷன் வந்து அளந்தால் "முழங்கைய மடக்கிட்டியே" என்பாள். பால் பாக்கெட்டைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பாள். அது என்ன சொல்லுமோ, அவளுக்கும் பாலுக்கும்தான் தெரியும். ஒரு வருடம் கமண்டல நாகநதியில் வெள்ளம் வந்து, ஊரே பாலத்தில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க, இவள் மட்டும் "இத்தினி வருசம் வராத தண்ணி இன்னாத்துக்கு இப்ப வருது?" என்று கேட்டாளாம். நதி வெட்கப்பட்டு மறுநாளே வடிந்துவிட்டது. பொய்யென்றால் அன்று பாலத்தில் நின்றவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறக்கும்போதே யாரும் இப்படிப் பிறப்பதில்லை. தெள்ளாருக்குப் பக்கத்தில், ஊருக்கு வெளியே தள்ளி இருந்த தெருவில் வளர்ந்தவள். அந்த ஊரில் தாகமென்று போனால் இரண்டு கையையும் குவித்துக் குனிந்து நிற்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். நாளெல்லாம் நாற்று நட்டுவிட்டு, கிடைக்க வேண்டியதில் பாதி கிடைத்ததற்கு அவள் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "மகராசனா இருங்க சாமி" என்று சொல்லிவிட்டு வருவார். அதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு நன்றி என்ற சொல்லே ஊசிப்போன குழம்பு மாதிரி நாறியது. யாராவது ஒன்றைச் சும்மா கொடுத்தால், கொடுத்த கையைப் பார்க்க மாட்டாள். மறைத்து வைத்திருக்கிற இன்னொரு கையைத்தான் தேடுவாள்.

சடையனைக் கட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்தாள். அவருக்கு நயினார் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் வேலை. இவளுக்கு வீட்டிலிருந்தபடியே பட்டுத்தறிக்காரர்களுக்குத் தார் சுற்றும் வேலை. ராட்டையைச் சுற்றி, ஊடைக்குப் போகிற பட்டு நூலைச் சின்னக் குழலில் ஏற்றித் தர வேண்டும். நூல் கொடுத்தவன் எடை போட்டுக் கொடுத்தால், இவள் அவன் தராசையே முதலில் எடை போடச் சொல்வாள்.

அப்படிப்பட்டவள் எப்படி ஜெபம் பண்ணுகிறவள் ஆனாள் என்பது தனிக் கதை.

ஓர் ஐப்பசி அடைமழையில் மில்லில் அடுக்கி வைத்திருந்த நெல் மூட்டை அட்டி சரிந்து சடையனின் இடுப்பில் விழுந்தது. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வீட்டுக்குத் தூக்கிப்போக வழியில்லை. மில்லுக்குப் பின்னால் இருந்த தவிட்டுக் கொட்டகையில் சாக்கை விரித்துப் படுக்கவைத்தார்கள். பக்கத்து ஊர் சேத்துப்பட்டிலிருந்து வந்து ஆரணி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த அமலா என்ற நர்ஸ், வேலை முடிந்து போகும்போதெல்லாம் அங்கே வந்து கட்டு மாற்றிவிட்டு, கண்ணை மூடி ஜெபமும் செய்துவிட்டுப் போவார். காசு வாங்கவில்லை. காபி கூடக் குடிக்கவில்லை.

பாஞ்சாலைக்கு அது போதாதா? இந்தம்மாவுக்கு என்ன வேண்டும்? சடையனையா? அப்போது அவர் இருந்த இருப்பில் அவரை யாரும் திருடமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, பெண்டாட்டியைத் தவிர. அமலா வரும்போதெல்லாம் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஜெபம் நடக்கும்போது ஒற்றைக் கண்ணை மட்டும் மூடுவாள். அமலாவின் உதடு என்ன முணுமுணுக்கிறது என்று ஒரு சொல் விடாமல் கேட்டுக் கேட்டு, சடையன் எழுந்து நடப்பதற்குள் இவளுக்கு அத்தனையும் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒருநாள் மழையில் அமலா வர முடியாமல் போக, சடையன் "இன்னைக்கு யாரும் சொல்லலியா?" என்று முனகினார். பாஞ்சாலை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தானே சொல்லி முடித்தாள். அடுத்தவளை வேவு பார்க்கப் போய் ஆண்டவரிடம் மாட்டிக்கொண்டவள், இந்த ஜில்லாவிலேயே அவள் ஒருத்திதான்.

சடையன் எழுந்துவிட்டார். ஆனால் ஜெபத்தைக் கேட்கக் கொட்டகையில் வந்து உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. மில்லில் வேலை செய்கிற சில குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கேயே கூடின. பெஞ்சு கிடையாது, சாக்குதான். பாட்டு ஆரம்பித்தால் கூரையிலிருந்து தவிடு உதிரும். பாதிப் பாட்டு, பாதித் தும்மல். ஒரு தடவை எல்லோரும் ஒரே நேரத்தில் தும்மியதில் வெளியே காயப்போட்டிருந்த நெல் தானாகவே திரும்பிப் படுத்துக்கொண்டது என்று மில் டிரைவர் இன்றைக்கும் சொல்லுவார். சபை தொடங்கிய லட்சணம் அது.

மில்லின் சொந்தக்காரர் பெரிய நயினார். இந்தப் பக்கத்துச் சமணக் குடும்பங்களில் பெரியவர்களை நயினார் என்றுதான் சொல்வது. எறும்பு போனால் வண்டியை நிறுத்துகிற மனுஷர். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பாட்டைக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: கூடிக்கொள்ளலாம், பாடிக்கொள்ளலாம், ஆனால் இந்தக் காம்பவுண்டுக்குள் எந்த உயிரும் சாகக் கூடாது. அவ்வளவுதான் பத்திரம். அதனால்தான் மற்ற ஊர்களில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை என்றால் கறிக்குழம்பு மணக்க, இந்த ஒரு சபையில் மட்டும் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும். கோழி, ஆடு என்று காணிக்கை கொண்டுவருகிறவர்கள் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்து ஏலம் விடுவார்கள். எடுத்தவர் உயிரோடு வெளியே கொண்டுபோய் விட வேண்டும். வருடா வருடம் எல்லாவற்றையும் மாணிக்கவேல் என்ற மினி லாரி டிரைவர் எடுப்பார். ஏதோ ஓட்டலுக்கென்று சொல்வார்.

ஓலை போய் ஷீட் வந்தது, சாக்கு போய் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. ஆராதனை முடிவில் ஸ்தோத்திர நேரம் என்று ஒன்று உண்டு. கிடைத்த நன்மைக்கு ஒவ்வொருவராக எழுந்து வாய்விட்டு நன்றி சொல்ல வேண்டும். மகள் பாஸானாள், மாடு கன்று போட்டது, காய்ச்சல் விட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பாஞ்சாலை எழுந்ததே கிடையாது. சபையை நடத்துகிற உபதேசியார் தென்னரசு எத்தனையோ முறை ஜாடை காட்டிப் பார்த்தார். அவள் அசையவில்லை. வாங்கியதைச் சத்தமாகச் சொன்னால் கொடுத்தவர் கணக்குப் பார்க்க வந்துவிடுவார் என்பது அவள் கட்சி. அது ஆண்டவராக இருந்தாலும் சரி. ஞானஸ்நானத்தில் புதுப் பெயர் வைக்கிறேன் என்றபோதும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ரேஷன் கடைக்காரன் இதையே சாக்காக வைத்துப் பழைய பெயரை அடித்துவிடுவானாம்.

போன வருடம் பெரிய நயினார் காலமானார். பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூத்த மகன் ஜெயசந்திரன், சென்னையிலிருந்து ஆரணிக்கே வந்துவிட்டார். வந்த சில மாதத்திலேயே மில் வாசலில் கார்கள் நிற்க ஆரம்பித்தன. இரண்டு பேர் டேப்பைப் பிடித்துக்கொண்டு காம்பவுண்டை அளந்தார்கள். அளந்தவன் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனான். பாஞ்சாலை அந்தக் கோட்டை ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்துவிட்டு, துடைத்தது தப்போ என்று அதே இடத்தில் தானே ஒரு கோடு போட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சொந்தமென்று காலூன்றி உட்கார்ந்த முதல் தரை அது. அங்கேயிருந்து எழுந்திரு என்று சொன்னால் எங்கே போவது?

இந்த நிலைமையில்தான் தை மாதக் கடைசியில் அறுப்பின் பண்டிகை வந்தது.

வாசலில் வாழை கட்டி, கரும்பு சாத்தி, உள்ளே நெல், தேங்காய், அவரை, புடலை என்று குவித்திருந்தார்கள். ஒரு பரங்கிக்காய் வந்திருந்தது பாருங்கள், அதை இறக்கியதும் கொண்டுவந்த ஆட்டோ அரை அடி உயர்ந்தது. பாஞ்சாலையும் ஒரு சேவல் கொண்டுவந்திருந்தாள். கொடுப்பதில் அவள் பின்வாங்க மாட்டாள், வாயால் சொல்வதில்தான். அவளை மாதிரியே சேவலும் யாரையும் நம்பாது. உபதேசியார் "ஆமென்" என்று சொல்லும்போதெல்லாம் கழுத்தை நீட்டி என்ன ஏது என்று ஒரு குரல் கேட்டது.

மாணிக்கவேல் அந்த வருடம் இல்லை. மகனோடு திருவள்ளூர்ப் பக்கம் போய்விட்டார். ஏலம் ஆரம்பிக்கும் நேரத்தில் வெள்ளைச் சட்டையில் ஒருவர் வந்து வாசலோரம் நின்றார். ஜெயசந்திரன். சின்ன நயினார்.

முதல் கோழி ஏலத்துக்கு வந்தது. சின்ன நயினார் கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது கோழிக்கும் அவரே கேட்டார். ஆட்டுக்குட்டிக்கும் அவரே. கடைசியில் பாஞ்சாலையின் சேவலையும் போட்டிக்கு ஆளில்லாமல் எடுத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து கிளிப்பச்சைப் பட்டு நூல் கொஞ்சம் எடுத்து, ஒவ்வொன்றின் காலிலும் ஒரு முடிச்சுப் போட்டார். பரங்கிக்காயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு பந்தி. உபதேசியார் அவரைக் கையைப் பிடித்து அழைக்காத குறையாக அழைத்தார். பாஞ்சாலையே இலை போட்டாள். சாம்பார் வாளியைப் பார்த்தார், பொரியலைப் பார்த்தார், கைகூப்பி "வேணாங்க, இன்னொரு நாள்" என்றார். தண்ணீராவது குடியுங்கள் என்று டம்ளரை நீட்டினார்கள். அதையும் வாங்கவில்லை. கோழிக்கூடையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

போட்ட இலை போட்டபடி கிடந்தது. பாஞ்சாலை அதை மடித்து எடுத்தபோது, குனிந்து கை குவித்து நின்ற தெள்ளார் மத்தியானம் அப்படியே வந்து எதிரில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை தொடங்கியது. சடையன் கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்க வேண்டியதாயிற்று.

"யோவ், வெங்காயம் கூடச் சாப்பிடாத ஜனம் கோழிய இன்னாத்துக்கு ஏலம் எடுக்கணும்?"

"வளக்கறதுக்கு இருக்கும்மே."

"சைவக்காரங்க கோழி வளத்து முட்டைய இன்னா பண்ணுவாங்க? அடை காப்பாங்களா?"

சடையன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பதில் தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

"அப்புறம், வெங்காயம் சாப்பிடாதுன்னு ஊருதான் நெனச்சிகினு கீது. இதே ஆளு வயசுல பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல மசால் தோசைய வழிச்சி வழிச்சித் துன்னத என் கண்ணால பாத்துகீறேன். ஒலகத்துலயே நம்ம சாம்பாருதான் ஆவாதா?"

அந்த வாரம் முழுக்க அவள் ராட்டை சரியாகச் சுற்றவில்லை. சின்ன நயினார் வீட்டுக் குப்பைத்தொட்டியை ஒரு காலை வேளையில் குச்சியால் கிளறிப் பார்த்தாள். எலும்பும் இல்லை, இறகும் இல்லை. வாழைத்தோலும் அவரை நாரும்தான். அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிற காவ்யாவை வழிமறித்து, வெங்காயத் தோல் எங்கேடி என்று கேட்டாள். வாங்குகிற நாளில் வீட்டம்மாவுக்கும் பேத்திக்கும் போடுவோம், ஐயாவுக்குத் தனியாக ஆக்குவோம் என்றாள் காவ்யா. மறைக்கத்தான் தனிச் சமையல் என்று பாஞ்சாலை முடிவுகட்டினாள். கறிக்கடை பாயிடம் போய், பச்சை நூல் கட்டிய கோழி ஏதாவது வந்ததா என்று விசாரித்தாள். பாய் தன் கடை வாசலில் நின்றுகொண்டு, இங்கே வருகிற கோழிக்கு யாரும் அலங்காரம் பண்ணி அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டார்.

அப்படியானால் கோழிகள் உயிரோடு இருக்கின்றன. அடையாளம் கட்டி, பத்திரமாக, எங்கேயோ. எதற்கு? வெள்ளிக்கிழமை தார் சுற்றிக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று அவளுக்குப் புரிந்தது. கை நின்றது, நூல் அறுந்தது.

"சாட்சிய்யா. கோர்ட்டுல காட்டறதுக்கு. எங்க காம்பவுண்டுக்குள்ள உசுரக் கொல்லக் கூடாதுன்னு எங்கப்பா சொன்னாரு, இவங்க கோழியும் ஆடுமா கொண்டாந்து குமிக்கறாங்க, இதோ பாருங்க, நூலு கட்டி வச்சிகீறேன்னு சொல்லி, நம்மள காலி பண்ண வைக்கப் போறான். அதான் நம்ம சோத்தத் தொடல. துன்னுட்டு வெளிய தள்ள மனசாட்சி ஒத்துக்காது இல்ல?"

இந்த முறை சடையனும் அதை நம்பிவிட்டார். சேத்துப்பட்டு ரோட்டில் நயினார் வீட்டுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு, உயிரோடு எதையாவது வைத்தால் அங்கேதான் வைப்பார்கள் என்று வாயை விட்டுவிட்டார். சனிக்கிழமை காலை அவருடைய பழைய டி.வி.எஸ். பின்னால் பாஞ்சாலை ஏறி உட்கார்ந்தாள். மடியில் ஒரு காலிச் சாக்கு. சேவலை மட்டுமாவது எடுத்துக்கொண்டு வந்துவிட்டால், அவள் கொண்டுவந்தது ஒன்றும் கோர்ட்டுக்குப் போகாது என்பது திட்டம்.

தோப்பு வாசல் திறந்திருந்தது. சடையன் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொண்டு, அங்கேயே நின்றுவிடுவதுதான் மரியாதை என்று முடிவு செய்தார். பாஞ்சாலை சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

போனவள் நின்றுவிட்டாள்.

மாமரத்துக்கு அடியில், வரப்பில், மோட்டார் ரூம் கூரையில், கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல், எங்கு பார்த்தாலும் கோழி. குஞ்சு பொரித்ததும், குஞ்சுக்குக் குஞ்சு பொரித்ததுமாக ஒரு ஊரே இருந்தது. பல கோழிகளின் காலில் நூல். கிளிப்பச்சை மட்டும் இல்லை. அரக்கு, மாம்பழ மஞ்சள், வெளுத்துப்போன ஊதா, நிறமே தெரியாமல் நைந்துபோன ஒன்று. தார் சுற்றுகிறவளுக்கு ஒரு நிறத்துக்கும் இன்னொரு நிறத்துக்கும் நடுவே போயிருக்கும் வருடங்களைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மூலையில் தாடி வைத்த கிழட்டு ஆடு ஒன்று படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. அதன் காதில் ஒரு வெட்டு இருந்தது. பல வருடங்களுக்கு முன் சடையனே காணிக்கையாகக் கட்டிக்கொண்டு வந்த குட்டி. மாணிக்கவேல் சொன்ன ஓட்டலில் என்றைக்கோ பிரியாணி ஆகியிருக்க வேண்டியது.

இத்தனை வருடம் உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், மாணிக்கவேலின் ஓட்டல் கதையை மட்டும் சந்தேகப்படாமல் விட்டுவிட்டாளே! பாஞ்சாலைக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"வாங்க, பாஞ்சாலைம்மா. சேவலப் பாக்க வந்தீங்களா?"

அரிசி நொய் இருந்த டப்பாவோடு சின்ன நயினார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சாக்கைப் பார்த்தார். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் நேராகவே கேட்டாள். இதெல்லாம் என்ன, யாரிடம் காட்டுவதற்கு?

அவர் சொன்னது இதுதான். முதல் அறுப்பின் பண்டிகை ஏலத்தன்றைக்கு அப்பா தூங்கவில்லை. கொண்டுவருகிறவர்களைத் தடுத்தால் அவர்கள் சாமிக்குக் கொடுப்பதைத் தடுத்த பாவம். விட்டால் வெளியே போய் வெட்டுவார்கள். அதனால் மாணிக்கவேலிடம் சொல்லி எல்லாவற்றையும் வாங்கவைத்தார். வெட்டப்படப் போகிற உயிரை விலைக்கு வாங்கி விட்டுவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். கத்திக்குப் போகாத கோழி என்று தோப்புக் காவல்காரர் ராஜவேலுக்கும் பக்கத்துக் கொல்லைக்காரர்களுக்கும் தெரிவதற்காகக் காலில் நூல். முட்டையைப் பற்றி மட்டும் ராஜவேலிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ராஜவேலின் பிள்ளைகள் மட்டும் நல்ல சதைப்பிடிப்பாக வளர்ந்திருக்கிறார்கள்.

பாஞ்சாலை கேட்டுக்கொண்டாள். ஆனால் அவளை உறுத்தியது கோழி இல்லை.

"அத்த வுடுங்க நயினாரே. அன்னைக்கி எல போட்டோமே, ஏன் குந்தல? தண்ணி குடுத்தாங்களே, ஏன் வாங்கல? எங்க கைன்றதாலயா?"

வேப்பமரத்தடியில் சடையன் கண்ணை மூடிக்கொண்டார்.

சின்ன நயினார் டப்பாவைக் கீழே வைத்தார். "எங்க தாத்தாவா இருந்தா, ஆமான்னுதான் சொல்லியிருப்பாரு. நீங்க கேட்டதுல தப்பே இல்லீங்க. ஆனா எனக்கு அது இல்ல. அப்பா போன அன்னைக்கி ஒரு நோன்பு எடுத்தேன். மண்ணுக்குக் கீழ வெளையறது எதுவும் வேணாம், காய்ச்சாத தண்ணி வேணாம்னு. சாம்பார்ல வெங்காயம், பொரியல்ல உருளைக்கிழங்கு. பந்தியில நின்னுகினு இதையெல்லாம் சொன்னா, ஆக்கினவங்க மனசு நோவும்னு கெளம்பி வந்துட்டேன். சொல்லாம வந்ததுதான் ஜாஸ்தி நோவும்னு இப்பதான் தெரியுது."

பாஞ்சாலை அவர் முகத்தைப் பார்த்தாள். பட்டு நூலில் முடிச்சு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது போல, அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். முடிச்சு தட்டுப்படவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"மில்ல விக்கறீங்களா?"

"விக்கறோங்க."

அவள் வேப்பமரத்துப் பக்கம் திரும்பி, "கேட்டியாய்யா?" என்றாள். சொன்னது சரியாகப் போய்விட்டதில் ஒரு கணம் நிமிர்ந்த முதுகு, மறுகணமே தளர்ந்தது. சாக்கு கக்கத்திலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

அவர் பேசி முடிக்கவில்லை. தம்பி சந்திரகுமாருக்குச் சென்னையில் பிள்ளையைப் படிக்கவைக்கப் பங்கு வேண்டியிருக்கிறது. மில்லை வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அளக்க வந்தவனிடம் கொட்டகையை விட்டுவிட்டு அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாக்பீஸ் கோடு அதற்குத்தான். கொட்டகையும், அதற்கு வந்து போகிற வழியும் சபை பெயருக்கு எழுதிக் கொடுப்பதாக அண்ணன் தம்பி இரண்டு பேரும் பேசி முடித்தாயிற்று.

"எதுக்கு?" என்றாள் பாஞ்சாலை.

மில்லுக்கு ஒட்டின வீட்டில்தான் அப்பா கடைசி வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தார் என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர்கள் பாட்டு ஜன்னல் வழியாக வரும். தாளம் தப்புகிறது, சுருதி சேரவில்லை என்று ஒவ்வொரு வாரமும் திட்டுவார். ஒரு வாரம் மழையில் பாட்டு வரவில்லை. அன்றைக்கு மத்தியானம் வரைக்கும், போய்ப் பார்த்துவிட்டு வா, யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையோ என்னவோ என்று சென்னையிலிருந்து பார்க்க வந்திருந்த மகனைப் பிடுங்கி எடுத்துவிட்டார். அவர் வாயைத் திறந்து மற்ற யாரைப் பற்றியும் விசாரித்த ஞாபகம் இல்லை, சொந்தப் பிள்ளைகளையும் சேர்த்து. "அதுக்கு நாங்கதான் உங்களுக்கு நன்றி சொல்லணும். ஏலத்தன்னைக்கே சொல்லத்தான் வந்தேன்."

நயினார் வீட்டு ஆள், தனக்கு நன்றி சொல்கிறார். பாஞ்சாலைக்கு அதை எந்தக் கையில் வாங்குவது என்று தெரியவில்லை. வாழ்நாளில் அந்தத் திசையிலிருந்து அது வந்ததே கிடையாது.

"சும்மா குடுக்கறவங்கள நான் பாத்ததில்ல நயினாரே."

"சும்மா யாருங்க குடுக்கறது? ஒரு கண்டிசன் இருக்கு." அவர் தோப்பைச் சுற்றிக் கையைக் காட்டினார். மோட்டார் ரூம் கூரையிலிருந்து ஒரு கோழி இறங்கி அவர் செருப்பின் மேல் ஏறி நின்றது. "இனிமே உசுரோட எதையும் காணிக்கைக்குக் கொண்டாறாதீங்க. உங்களக் கும்புட்டுக் கேக்கறேன். எங்களால முடியல. மாம்பூவு பூரா கொத்திடுதுங்க. பக்கத்துக் கொல்லக்காரன் தெனம் பஞ்சாயத்து வச்சிகினு இருக்கான். பேஜாராப் போச்சு."

பாஞ்சாலையின் முகம் அந்த வாரத்திலேயே முதல் தடவையாகத் தெளிந்தது. கொடுக்கிறவருக்கும் ஒரு கஷ்டம் இருக்கிறது, அதற்காகத்தான் கொடுக்கிறார் என்றால் சரி, அது அவளுக்குப் புரிகிற பாஷை. கீழே விழுந்த சாக்கை எடுத்து உதறினாள். அடுத்த வாரம் நாங்கள் ஆக்குகிறோம், மண்ணுக்கு மேலே விளைந்தது மட்டும், தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி வைக்கிறோம், வந்து உட்கார வேண்டும் என்றாள். அழைப்பு மாதிரி இல்லை. சம்மன் மாதிரி இருந்தது.

அவர் வந்தார். மனைவி அமிர்தாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். வருவதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை, பதிவு ஆபீசில் அண்ணனும் தம்பியும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பத்திரத்தை வாசித்துக் காட்டும்படி உபதேசியார் தென்னரசிடம் சொல்லி, வடக்கே எதுவரை, தெற்கே எதுவரை என்று பாஞ்சாலை கேட்டுக் கேட்டு, அங்கிருந்த எழுத்தருக்கே தான் எழுதியதில் சந்தேகம் வந்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் சாப்பாடு என்று ஏற்பாடு. அதற்கு முன்னால் ஸ்தோத்திர நேரம். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, இடம் கிடைத்ததற்காக நன்றி சொன்னார்கள். சிலர் அழுதார்கள். கடைசி ஆள் உட்கார்ந்த பிறகு, உபதேசியார் புத்தகத்தை மூடப் போன நேரத்தில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. பாஞ்சாலை எழுந்து நின்றாள். சடையன் அவள் எங்கேயோ வெளியே போவதற்கு எழுந்தாள் என்று நினைத்துக் காலை மடக்கி வழி விட்டார். அவள் போகவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேலே ஷீட்டைப் பார்த்துப் பேசினாள்.

"ஆண்டவரே, தவுட்டுல குந்திகினு ஆரம்பிச்சோம். இப்ப இந்த எடம் எங்களுதுன்னு சொல்றாங்க. பத்திரம் நான் பாத்துட்டேன், சரியாத்தான் கீது. இதுல எங்கனா சூது இருந்தா அத்த நீயே பாத்துக்கோ, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்ல. பெரிய நயினாருக்கு ஸ்தோத்திரம். சின்ன நயினாருக்கு ஸ்தோத்திரம். உனக்கும் ஸ்தோத்திரம். குடுத்துட்ட. திரும்பக் கேக்காத."

உட்கார்ந்துவிட்டாள். உபதேசியார் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஷீட் அதிர ஆமென் என்றார்.